மைசூர் மலைப்படிகளும் கல் பாவும் கலையும்

வழியும் பரலும்

வழி என்னும் பொருளைத் தரும் சொற்கள் தமிழில் பல. ஆறு, நெறி, அதர், அத்தம், இயவு, தடம் என அவை விரிந்து செல்லும். நடந்து நடந்து நிலத்தின் இயல்பை அறிந்த மக்களிடமே இத்துணைச் சொற்கள் பிறத்தல் கூடும். பாலை நிலத்து வழியின் கொடுமையைக் கூறப் புகும் சங்கப் புலவர்கள் எடுத்தாளும் சொற்களுள் ஒன்று 'பரல்' என்பது. பருக்கைக் கல் என்பது அதன் பொருள். வெயிலில் காய்வது, அடியை உறுத்துவது, மிதித்தவுடன் நிலைபெயர்ந்து ஓடுவது பரலின் இயல்பு. பிரிந்து செல்லும் தலைவனை எண்ணித் தலைவி வருந்துவதற்கு அப்பரல் வழியும் ஒரு காரணம்.

இதே சொல் சிலப்பதிகாரத்தில் ஒரு வழக்கையே முடித்து வைக்கின்றது. கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கப் பரல்கள்; கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருந்தவை முத்துப் பரல்கள். சிலம்பினுள் பரல் உருண்டால் இசை பிறக்கும். வழியில் பரல் உருண்டால் கால் இடறும். புகாரிலிருந்து மதுரை வரை கவுந்தியடிகளுடன் நடந்த கண்ணகி இவ்விரண்டையும் அறிந்தவள் எனலாம்.

உருளும் பரலின் நடுவே உருளாத ஒரு கல்லை இட்டு, அதன்மேல் அச்சமின்றி அடிவைக்கச் செய்வது எவ்வாறு? இக்கேள்வி மிகப் பழையது, இன்றும் உயிருள்ளது. மைசூர் நகரில் ஓய்வு பெற்றோர் பலர் வீடு கட்டிக்கொண்டு, முன்புறத்தில் சிறு தோட்டம் அமைத்து, சரளை பரப்பி, இடையிடையே பலகைக் கற்களை இடுகின்றனர். முதல் மழைக்காலம் வரை அவை அழகாகவே இருக்கின்றன. பிறகு ஒரு கல் ஆடத் தொடங்குகின்றது. முதுமையில் கால் இடறி வீழ்தல் சிறு செய்தியன்று. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தோர் பலரை நாம் அறிவோம். ஆதலின் தோட்டத்துக் கல் ஒன்றை அசையாமல் பதிப்பது எவ்வாறு என்பதை, நம் முன்னோர் செய்த பெரும்பணிகளின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வோம்.

சாமுண்டி மலையின் ஆயிரம் படிகள்

மைசூரின் தென்கிழக்கே உயர்ந்து நிற்பது சாமுண்டி மலை. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,489 அடி உயரமுள்ளது. இம்மலையின் கருங்கல் ஏறத்தாழ 80 கோடி ஆண்டுப் பழமையுடையது என்று நிலவியலார் கணித்துள்ளனர். இம்மலைமேல் ஏறிச் செல்லப் படிவழி அமைத்தவர் தொட்ட தேவராஜ உடையார். இவர் 1659 முதல் 1673 வரை ஆண்டவர். மதுரையில் திருமலை நாயக்கர் மறைந்ததும் 1659-ஆம் ஆண்டே என்பதை நினைவிற் கொண்டால், அக்காலம் நமக்குத் தெளிவாக விளங்கும். அப்போது உடையார்களின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம். தலைநகர் அங்கிருந்தும், குலதெய்வம் உறையும் மலைக்கு மக்கள் ஏறிச் செல்ல வழி வேண்டும் என்று மன்னர் கருதினார்.

'ஆயிரம் படி' என்று இதனை உலகோர் வழங்குவர். எண்ணுவோர்க்கு எண்ணுவோர் கணக்குச் சிறிது வேறுபடும். ஆயினும் ஆயிரத்தை ஒட்டியே அமையும். வழியின் மேற்பாதியில் ஒற்றைப் பாறையில் செதுக்கிய நந்தி அமர்ந்துள்ளது. ஏறத்தாழ 15 அடி உயரமும் 24 அடி நீளமும் கொண்ட அந்நந்தியும் அம்மன்னர் காலத்ததே. மலையுச்சிக் கோயிலின் கோபுரத்தை மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1827-ஆம் ஆண்டளவில் எழுப்பினார். பின்னாளில் வண்டிச் சாலையும் வந்தது. சாலை வந்த பின்னும் படிவழி கைவிடப்படவில்லை. ஆஷாட மாத வெள்ளிக்கிழமைகளில் படிதோறும் மஞ்சளும் குங்குமமும் இட்டு ஏறும் பெண்களை இன்றும் காணலாம். விடியற்காலையில் உடல்நலம் கருதி ஏறுவோரும் பலர்.

மலைப்படிகள் இருவகைப்படும். பாறையையே குடைந்து படியாக வெட்டுதல் ஒருவகை. கல்லைக் கொணர்ந்து சரிவில் பதித்தல் மற்றொரு வகை. முதல் வகைக்குச் சிறந்த சான்று, மைசூருக்கு வடக்கேயுள்ள சிரவணபெளகொளாவின் விந்தியகிரி. கோமதீசுவரர் திருவுருவம் நிற்கும் அம்மலையில் அறுநூற்றுக்கு மேற்பட்ட படிகள் பாறையிலேயே வெட்டப்பட்டுள்ளன. அங்கே படியும் மலையும் ஒன்றே. ஆதலின் படி பெயர்தல் என்ற பேச்சுக்கு இடமில்லை. சாமுண்டி மலையிலோ மண்ணும் பாறையும் கலந்து கிடக்கும் சரிவில் பெரும்பாலும் கல்லை இட்டே படி அமைத்தனர். தமிழகத்துப் பழனியின் ஏறத்தாழ 690 படிகளும், ஆண்டுக்கு ஒன்றாக அறுபது தமிழ் ஆண்டுகளைக் குறிக்கும் சுவாமிமலையின் 60 படிகளும் தமிழர் நன்கறிந்தவை. எண்ணிக்கை எதுவாயினும், இட்ட கல் இட்ட இடத்தில் நிற்க வேண்டும் என்னும் கவலை, கல் பாவும் கொத்தர் அனைவர்க்கும் பொது.

சரிவில் படி பதிப்பவர் கீழிருந்து தொடங்கி மேலே செல்வர். மேற்படிக் கல்லின் முன்விளிம்பு கீழ்ப்படிக் கல்லின் பின்விளிம்பின்மேல் அமரும். ஆகவே ஏறுவோன் மேற்படியை மிதிக்கும்போது கீழ்ப்படியும் அழுத்தம் பெற்று உறுதியாகின்றது. கல்லின் அடிப்பகுதி முழுவதும் கெட்டித்த தரையைத் தொட வேண்டும்; நான்கு மூலைகளில் மட்டும் முட்டுக் கொடுத்து நிறுத்திய கல், நடுவில் மிதித்தால் பிளந்துவிடும். பக்கங்களில் மண்ணோ பாறையோ அணைத்து நிற்க வேண்டும். இவை அனைத்திற்கும் மேலாக, படியின்மேல் விழும் மழைநீர் அதன் அடியில் புகாமல் ஓரத்திற்கு ஓடிவிட வேண்டும். இதற்காக ஒவ்வொரு கல்லுக்கும் மிகச் சிறிய சாய்வு கொடுப்பர். கொத்தர் மொழியில் இதற்கு 'வாட்டம்' என்று பெயர்.

மணலிலே நின்ற கல்

மலையில் அடியிலே பாறை உண்டு. தோண்டினால் கெட்டித் தரை கிட்டும். ஆனால் தோட்டத்துச் சரளையைப்போல எங்கு தொட்டாலும் நழுவும் இடத்தில் கல்லை நிறுத்துவது எவ்வாறு? இதற்கு விடை காணக் காவிரியின் போக்கிலே மைசூர் நாட்டிலிருந்து கீழே இறங்கிச் சோழ நாட்டிற்குச் செல்ல வேண்டும்.

கரிகாலன் பெயரோடு இணைத்துப் போற்றப்படும் கல்லணை, காவிரியின் ஆழங்காண முடியாத மணலின்மேல் அமைந்தது. ஏறத்தாழ 1,080 அடி நீளமுடைய அவ்வணையின் பழைய உட்பகுதி, களிமண்ணிலே பதித்த முரட்டுக் கற்களால் ஆனது. ஓடும் நீரில் பெருங்கல்லை இட்டால், கல்லைச் சுற்றியும் அதன் அடியிலும் உள்ள மணலை நீர் அரிக்கும். கல் மெல்லக் கீழே இறங்கும். இனி இறங்க இடமில்லை என்ற நிலையில் அது நிற்கும். அதன்மேல் அடுத்த கல். அதுவும் இறங்கி அமர்ந்த பின் அடுத்தது. இவ்வாறு கல் தன் இருப்பிடத்தைத் தானே தேடிக்கொள்ளுமாறு விட்டு, அதன் பிறகே மேற்கட்டுமானம் எழுப்பினர்.

19-ஆம் நூற்றாண்டில் காவிரிப் பாசனத்தைச் சீர்செய்ய வந்த ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இவ்வணையை ஆராய்ந்து வியந்தார். ஆழங்காணா மணலில் அடித்தளம் இடுவது எப்படி என்பதைத் தாமும் தம் துறையினரும் இதன் வாயிலாகவே கற்றதாக அவர் பிற்காலத்தில் எழுதினார். அந்தக் கல்வியைக் கொண்டே 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையையும், பின்னர் 1847 முதல் 1852 வரை கோதாவரியின் குறுக்கே தவளேசுவரம் அணையையும் அவர் அமைத்தார். பயன் பெற்ற ஒருவர் அதனை ஒளிக்காமல் எழுதியது போற்றத்தக்கது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று. நழுவும் தரையில் கல்லை மேலே வைத்தால் நில்லாது. அது இறங்கி அமர வேண்டும். ஆற்றில் நீரே கல்லை இறக்கி அமர்த்திற்று. தோட்டத்தில் அந்நீரின் வேலையை மண்வெட்டியும் திமிசுக் கட்டையும் செய்ய வேண்டும். சரளையின்மேல் கல்லை வெறுமனே வைத்துவிட்டு, அது நிற்கும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது.

உருண்டையும் உடைந்ததும்

இனிச் சரளையின் இயல்பைக் காண்போம். இதற்குத் துணையாவது சாலை போடும் கலையின் வரலாறு. ஸ்காத்லாந்தில் பிறந்த ஜான் லௌடன் மெக்காடம் (1756–1836) 1816-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளின் மேற்பார்வையாளரானார். அவர் கொள்கை எளியது. உலர்ந்த தரை எப்பளுவையும் தாங்கும். நனைந்த தரை எதையும் தாங்காது. ஆகவே சாலையைச் சுற்றியுள்ள நிலத்தினும் உயர்த்தி, நீர் வடிய விட்டு, மேலே உடைத்த கல்லைப் பரப்பினால் போதும். அக்கல் ஒவ்வொன்றும் 6 அவுன்சு எடைக்கு மேற்படலாகாது என்று விதித்தார். ஆற்றில் உருண்டு வழவழப்பான கூழாங்கல்லை அவர் ஏற்கவில்லை. கூழாங்கல் ஒன்றன்மேல் ஒன்று உருளும்; உடைத்த கல்லோ தன் கூரிய முனைகளால் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். நம் ஊர்களில் 'கப்பி ரோடு' என்று வழங்கியது இம்முறையில் அமைந்த சாலையே.

மைசூர்த் தோட்டங்களில் ஆற்றுக் கூழாங்கல்லை அழகுக்காகப் பரப்புவோர் இதனைக் கருதுதல் நன்று. பார்ப்பதற்கு இனியது கூழாங்கல். நடப்பதற்கு இனியது உடைத்த சல்லி. இரண்டையும் விரும்புவோர், நடைவழியில் சல்லியையும் செடிகளின் அடியில் கூழாங்கல்லையும் இடலாம்.

அழகும் நடையும் போட்டியிடும் இச்சிக்கலை ஜப்பானியர் நெடுங்காலத்துக்கு முன்பே எண்ணிப் பார்த்துள்ளனர். தேநீர்க் குடிலுக்குச் செல்லும் சிறு தோட்ட வழியில் மிதிகற்களை இடும் மரபை அவர்கள் 16-ஆம் நூற்றாண்டில் வளர்த்தனர். தேநீர்க் கலையின் பேராசான் சென் நோ ரிக்கியூ (1522–1591) கல்லிடுவதில் நடைக்கு ஆறு பங்கும் காட்சிக்கு நான்கு பங்கும் தந்தார் என்றும், அவர் மாணவர் புருத்தா ஓரிபே நடைக்கு நான்கும் காட்சிக்கு ஆறும் தந்தார் என்றும் அம்மரபினர் கூறுவர். ஆனால் கல் அசையலாகாது என்பதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் வேறுபாடு இல்லை. தடித்த கல்லைக் குழியில் இறக்கி, சுற்றிலும் மண்ணிட்டு, கழியால் குத்திக் குத்தி இறுக்குவது அவர்கள் முறை. கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் மறைந்திருக்கும்.

கல் பதிக்கும் முறை

மைசூரின் தோட்டக் கலைக்குப் பெயர் தேடித் தந்தது பிருந்தாவனத் தோட்டம். 1911-இல் தொடங்கி 1931 வரை நடந்த கிருஷ்ணராஜசாகர் அணைப் பணியின் இறுதிக் காலத்தில், 1927-இல் தொடங்கி 1932-இல் அது நிறைவுற்றது. திவான் மிர்சா இசுமாயிலின் முயற்சியும், ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் கிரும்பீகலின் திட்டமும் அதில் இணைந்தன. நீர், தளம் தளமாக இறங்கி வரும் அத்தோட்டத்தில், நீர் செல்ல ஒரு வழியும் மனிதர் நடக்க ஒரு வழியும் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளமை கருதத்தக்கது. பெருந்தோட்டத்துக்கு ஆன இந்நெறி, இருபதடி நீளமுள்ள வீட்டுத் தோட்டத்துக்கும் பொருந்தும்.

மேலே கண்டவற்றையெல்லாம் திரட்டி, நம் வீட்டு வழிக்கான முறையைக் கூறுவோம். முதலில் வழியின் இரு ஓரங்களிலும் அணைகல் நட்டு, சரளை சிதறாமல் தடுக்க வேண்டும். பிறகு, வீட்டில் நடை தளர்ந்த பெரியவரை இயல்பாக நடக்கச் செய்து, அவர் அடி விழும் இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். கல்லின் நடுவிலிருந்து அடுத்த கல்லின் நடு வரை ஏறத்தாழ இரண்டடி என்பது பொதுக் கணக்கு. முதியோர்க்கு அதனைக் குறைத்தலே தக்கது. கல் ஒவ்வொன்றும் ஒன்றேகால் அடி அகலமும், இரண்டு முதல் மூன்று அங்குலக் கனமும் உடையதாயின் நலம். மேற்புறம் சிறிது சொரசொரப்பாக இருக்க வேண்டும். மெருகேற்றிய கல் மழையில் வழுக்கும்.

கல் இடும் இடத்தில் மேல்மண்ணையும் வேர்களையும் நீக்கிக் குழி எடுக்க வேண்டும். குழியின் அடியைத் திமிசுக் கட்டையால் இறுக்கி, நான்கு அங்குல உயரத்துக்கு உடைத்த சல்லியை இரண்டு தவணையாகப் போட்டு, ஒவ்வொரு தவணையும் நன்கு இடிக்க வேண்டும். அதன்மேல் ஓர் அங்குலம் பருமணல் பரப்பிச் சமன் செய்து, கல்லை மேலிருந்து நேராக இறக்கி அமர்த்த வேண்டும். மரச் சுத்தியலால் தட்டினால் கல் தன் படுக்கையைக் கண்டுகொள்ளும். எங்கேனும் வெற்றொலி கேட்டால் அங்கே அடியில் இடைவெளி உண்டு என்பது பொருள். சோம்பாமல் கல்லை எடுத்து, மணலைத் திருத்தி, மீண்டும் இட வேண்டும். சோம்பல் மிகுதியால் ஓரத்தில் ஒரு சில்லைச் செருகிச் சமன் செய்வோர் உண்டு. அச்சில்லே பின்னர் அச்சாகிக் கல்லை ஆட வைக்கும்.

ரசமட்டம் வைத்துப் பார்த்து, கல்லின் ஒரு பக்கத்துக்கு மிகச் சிறு வாட்டம் தர வேண்டும். பின்பு சுற்றிலும் சரளையைப் பரப்ப வேண்டும். கல்லின் மேற்பரப்பு சரளையினும் அரை அங்குலம் உயர்ந்திருப்பது முறை. தாழ்ந்திருந்தால் சரளை கல்லின்மேல் ஏறிப் பரலாகும். மிக உயர்ந்திருந்தால் விளிம்பில் கால் தட்டும். இறுதியாக, கல்லின் நான்கு மூலைகளிலும் ஒருவர் ஏறி நின்று பார்க்க வேண்டும். எம்மூலையிலும் அசைவில்லையெனில் பணி முடிந்தது.

நீருக்கு ஒரு வழி

இவ்வளவு தொல்லை எதற்கு, முழுவதையும் சிமெண்டுப் பூசி மூடிவிட்டால் ஆகாதா என்று கேட்போர் உளர். ஆகும், ஆனால் நீர் எங்கே போகும்? மைசூரில் ஆண்டு ஒன்றுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. சரளை வழி அந்நீரை உண்டு நிலத்துக்குத் தரும். சிமெண்டுத் தளம் அதனைத் தெருவுக்குத் தள்ளும். அல்லது சுவரின் அடிக்குத் தள்ளும். தள்ளப்பட்ட நீர் வாளா இருப்பதில்லை.

இதற்குச் சான்றை மலையே காட்டிற்று. 2021-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்துக் கனமழையில், சாமுண்டி மலையில் நந்திக்குச் செல்லும் சாலையின் ஒரு பகுதி சரிந்து வீழ்ந்தது, போக்குவரத்து நிறுத்தப்பட்டது. வண்டிகளின் பளுவைத் தாங்கும் அகன்ற சாலையையும், மனிதர் அடி மட்டுமே படும் படிவழியையும் ஒரே தராசில் நிறுத்தல் நேர்மையன்று. எனினும் நீர் ஊறிய மண் எதையும் தாங்காது என்று மெக்காடம் கூறியது, இருநூறு ஆண்டுகள் கழித்து நம் கண்ணெதிரே மெய்யாயிற்று. மலையில் புதிதாக எதனை எழுப்ப எண்ணினாலும், முதற்கண் நீர் செல்லும் வழியை எண்ணுதல் கடமையாகும்.

மற்றொரு கடமையும் உண்டு. படிவழி அமைத்த மன்னர் பெயரை வரலாறு காத்து வைத்துள்ளது. கோபுரம் எழுப்பிய மன்னர் பெயரும், தோட்டம் கண்ட திவான் பெயரும் நமக்குத் தெரியும். கல்லை உடைத்தவர், சுமந்தவர், வாட்டம் பார்த்துப் பதித்தவர் பெயரை நாம் அறியோம். கன்னட நாட்டிலும் தமிழ்நாட்டிலும் போவி, போயர், ஒட்டர் எனப் பல பெயர்களால் வழங்கும் மக்கள், ஏரியும் கரையும் பாலமும் கல் வழியும் அமைத்துத் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள். இத்தகையோர் கைத்திறனும் கண்ணளவும் ஏட்டில் எழுதப்படாதவை. தந்தை மகனுக்குக் கையால் காட்டியவை. தொழில் கைவிடப்படும்போது அவ்வறிவும் உடன் மறைகின்றது.

ஆதலின் நம் வீட்டில் கல் பதிக்க வரும் முதிய கொத்தரிடம் கூலியை மட்டும் பேசி முடித்துவிடாது, அருகில் அமர்ந்து அவர் செய்வதைக் காண்போம். இச்சல்லி எதற்கு, இவ்வாட்டம் எவ்வளவு, இவ்வொலி என்ன சொல்கின்றது என்று கேட்போம். அவர் வழங்கும் சொற்களைக் குறித்து வைப்போம். சங்கங்கள் நூல்களைத் தொகுப்பதுபோல் தொழிற்சொற்களையும் தொகுத்தால், தமிழுக்கு அது சிறிய தொண்டாகாது. சாமுண்டி மலைப்படிகளில் அடுத்த முறை ஏறும்போது, உச்சிக் கோபுரத்தை நோக்கும் கண்கள் ஒரு கணம் காலடிக் கல்லையும் நோக்குமாக. முந்நூற்றைம்பது ஆண்டுகளாக மக்கள் ஏறி வரும் அவ்வழியை இட்ட கைகளுக்கு நாம் செலுத்தக்கூடிய வணக்கம் அதுவே.